அப்பா படம்

என் அப்பா சாவதற்கு முன் என் அக்காவைக் கூப்பிட்டார். அதை நான் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது மட்டுமா? கூப்பிடவே இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன்!

போதுமா? இன்னும் வேண்டுமா?

உங்களுக்கு என்னைத் தெரியும். கோவில்பட்டியில் செல்போன் கடை வைத்திருப்பவன். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, “இந்தப் படத்தைக் குடும்பத்தோடு பாருங்கள்” என்று சேனலில் பேசுகிறவன். அப்பா மகள் பாசம், பிரிந்தவர்கள் சேருவது, அடிபட்டு மிதிபட்டு முன்னுக்கு வருவது... இப்படி நெஞ்சை உருக்கும் படங்களாகப் பொறுக்கி உங்களுக்குப் பரிமாறுகிறவன். “அண்ணாச்சி, அழுதுட்டோம்” என்று நீங்கள் கீழே எழுதுகிறீர்கள்.

உங்கள் அழுகையை நான் நம்பவில்லை. உங்களில் எத்தனை பேர் வீட்டில் பெயர் சொல்லக்கூடாத ஒருத்தி இருக்கிறாள்? திரையில் ஒருத்தி வீட்டை விட்டுப் போனால் தேம்பித் தேம்பி அழுகிறீர்கள். சொந்த வீட்டில் ஒருத்தி போனால் அரிவாளைத் தேடுகிறீர்கள்! கோபம் வருகிறதா? வரட்டும், எனக்கென்ன. நானும் உங்களில் ஒருவன்தான்.

நாகலாபுரத்தில் எங்களுக்கு மானாவாரி நிலம். நான் சின்னப் பையனாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டாள். எனக்குச் சோறு பிசைந்து ஊட்டியதும், தலைசீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் அக்காதான். அந்த அக்கா, மணியாச்சியில் ரயில்வே வேலை பார்த்த வேறு சாதிக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனாள். அப்பா அன்றைக்கே தலை முழுகினார். மகள் செத்துப்போனாள் என்று அதற்கு அர்த்தம். பிறகு அவள் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. தப்பித்தவறிப் பேச்சு வந்தால் ‘அந்தப் பிள்ள’... அவ்வளவுதான்.

எனக்கும் கோபம். கோபம் என்ன கோபம், வெறுப்பு! எனக்குப் பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்கள்: “உங்க வீட்டுல ஒரு பிள்ள போயிருச்சாமே?” திரும்பி வரும் பஸ்ஸில் அக்காவை மனதுக்குள் திட்டிக்கொண்டே வருவேன். இன்றுவரை எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஊட்டிய கை எனக்கு மறந்துபோயிற்று. காப்பி டம்ளர் மட்டும் மறக்கவில்லை.

அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்து, காட்டு வேலைக்குப் போக முடியாமல் கட்டிலோடு கிடந்தார். ஒரு மத்தியானம் சேனலுக்காக ஒரு படத்தை டிவியில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் பார்த்தார். அதில் அப்பனை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகள் ஒருத்தி, கைக்குழந்தையோடு வாசலில் வந்து நிற்கிறாள். அப்பன் கதவைத் திறக்கவில்லை. மழை கொட்டுகிறது. சினிமா என்றால் கொட்டுமே! எங்கள் ஊரில்தான் பெய்யாது.

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“ஏலே... அந்தப் பிள்ளய உள்ள கூப்பிடுல.”

எங்கள் பக்கம் எல்லாப் பெண்ணும் பிள்ளைதான். படத்தில் நனைந்துகொண்டு நிற்பவளும் பிள்ளை, மணியாச்சியில் இருப்பவளும் பிள்ளை. அவர் யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தது... சத்தியமாகத் தெரிந்தது!

நான் சிரித்தேன். “சினிமாப்பா அது. கடைசில அந்த ஆளே கூப்பிட்டுருவான்” என்றேன்.

மறுபடி கேட்க அப்பாவுக்கு வாய் வரவில்லை. ஊரறியத் தலை முழுகிய மனிதர். அந்த ஒரு தடவை கேட்பதற்கே எத்தனை வருடம் உள்ளுக்குள் புழுங்கினாரோ! இரண்டாம் தடவை கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சிரித்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் மிச்சப் படத்தையும் பார்த்து முடித்தேன்.

அடுத்த விதைப்புக்கு அவர் இல்லை.

சாவு வீட்டுக்கு, துட்டி கேட்க, அக்கா வந்தாள். துட்டி கேட்க வருகிறவர்களை எங்கள் ஊரில் யாரும் தடுப்பதில்லை. அழுது முடித்து, எல்லாரும் எழுந்து போன பிறகு, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

“அப்பா என்னய ஒரு வார்த்த கேட்டாவளால?”

“இல்லக்கா.”

அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் அடுத்த கேள்வி வருமே... அப்படியென்றால் நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று! அவள் என் கையை விட்டாள். “கேக்க மாட்டாவ. நான் செஞ்சது அப்படி” என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

அந்தப் படத்தை நான் என்ன செய்தேன் தெரியுமா? உங்களுக்குச் சிபாரிசு செய்தேன்! குரல் தழுதழுக்கப் பேசினேன். உங்கள் அப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள் என்று வேறு சொன்னேன். நான் போட்டதிலேயே நீங்கள் அதிகம் பார்த்தது அதைத்தான். வெட்கமே இல்லை எனக்கு... பார்த்த உங்களுக்காவது இருந்ததா?

அக்கா இப்போது என் சேனலை ஒன்று விடாமல் பார்க்கிறாள். போன மாதம் போனில் கூப்பிட்டாள்.

“நீ பேசிப் போடுத எல்லாத்தயும் கேக்குதேன்ல. இடையில எழுதி எழுதிப் போடுத பாரு, அத மட்டும் படிக்கதில்ல. பொடி எழுத்து, கண்ணு வலிக்கு” என்றாள். பிறகு, “ஏலே, அப்பா படம் ஒண்ணு அனுப்புல” என்றாள்.

“போன வாரம் ஒண்ணு சொன்னேம்லாக்கா? அப்பாவும் மகளும் ஊரு ஊரா போவாங்களே, அது நல்லா இருக்கும். இல்லன்னா...” என்று என் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனேன்.

நான் சொல்லி முடிக்கும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சினிமா இல்லல. நம்ம அப்பா படம். எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. வீட்டுல மாட்டலாம்னு பாக்குதேன்.” குரல் இறங்கியது. “அவியளுக்குப் பிடிக்குமால? தலை முழுகுன பிள்ள வீட்டுல வந்து தொங்க...”

இப்போதாவது சொல்லியிருக்கலாம். உள்ள கூப்பிடுல என்ற அந்த ஒரு வார்த்தை...

“பாத்து அனுப்புதேன்க்கா” என்றேன்.

“சரில. அவியளுக்குப் பிடிக்காதுன்னு தோணிச்சுன்னா வேண்டாம், விட்டுரு” என்று போனை வைத்துவிட்டாள்.

பேசிப் போடாமல் இதை ஏன் எழுதிப் போடுகிறேன் என்று கேட்பீர்கள். அவள் படிக்க மாட்டாள். அதனால்தான்! முன்பின் தெரியாத உங்களிடம் கொட்டுகிறேன், கேட்க வேண்டியவள் காதில் மட்டும் விழாதபடி. இதற்குப் பெயர் ஒப்புக்கொள்வதாம்... த்தூ! நீங்களும் ஒன்றும் அவளிடம் போய்ச் சொல்லிவிடப்போவதில்லை. “அழுதுட்டோம் அண்ணாச்சி” என்று எழுதிவிட்டுப் போவீர்கள்.

நாளைக்கும் கடையில் உட்கார்ந்து உங்களுக்கு ஒரு படம் சொல்வேன். முதல் ஆளாக அக்கா பார்ப்பாள். அவள் கேட்ட படம் இன்னும் என் போனிலேயே இருக்கிறது.