இரவு ரேட்டில் சூடான வீடு

லண்டனில் குட்மேய்ஸ் ஸ்டேஷனுக்குப் பாதி தூரம் நடந்த பிறகுதான் தலையணையை விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை. பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு வேலை, முதலாளியின் வீட்டு மேல்மாடியில் அறை என்றுதான் அங்கே சேர்ந்தேன். வேலையை விட்டால் அறையும் போகும். வேலையை விட்டேன், ஆகவே நடந்தேன். பாரிஸிலும் அதற்கு முன் சூரிச்சிலும் இப்படித்தான். எங்கே வேலையோ அங்கே பாய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் நடந்துகொண்டே முடிவு செய்தேன். இனி இரவு வேலை இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து குடிகாரர்களுக்கு சிகரெட் கொடுத்தது போதும்.

பாரிஸில் ஒரே அறையில் என்னோடு இருந்த அண்ணை ஒருவர் அப்போது லண்டனின் தெற்கே குரோய்டனில் ஒரு பிளாட் எடுத்திருந்தார். ரயிலில் ஏறுமுன் அவருக்குப் போன் எடுத்தேன்.

"வா தம்பி, இடமிருக்கு. ஆனா வாற மாசம் வீடே இருக்குமோ தெரியேல்ல" என்றார்.

இதெல்லாம் பல வருடங்களுக்கு முன். சென்ற மாதம் மின்சாரக் கம்பனியிலிருந்து ஒரு பெண் எனக்குப் போன் எடுத்தாள். பகலுக்கு ஒரு விலை, இரவுக்குக் குறைந்த விலை, அப்படி ஒரு திட்டம் உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். ஆனால் திட்டத்தை யோசிக்கவில்லை. அந்தக் குரோய்டன் வீட்டு ஹால்தான் கண்ணில் வந்தது. ஜன்னலுக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய ஹீட்டர். அதற்கு முதுகைக் கொடுத்தபடி மூன்று ஆண்கள் மத்தியான வெளிச்சத்தில் தூங்குகிறார்கள்.

நான் போய் இறங்கிய நாளில் அந்த ஹீட்டர் பிணம் போலக் குளிர்ந்து கிடந்தது. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அண்ணை கம்பளித் தொப்பியோடு சமைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு கட்டடத்தில் இரவுக் காவல். அவரோடு இருந்த மற்றவர் என் வயதுக்காரர், பேக்கரியில் இரவு ஷிப்ட். பார்த்த உடனே என்னை மச்சான் என்று கூப்பிடத் தொடங்கினார். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அந்த வீட்டில் எரிவாயு இல்லை, எல்லாமே மின்சாரம். கதவுக்குப் பக்கத்து அலுமாரிக்குள் மீட்டர் இருந்தது. அண்ணை டோர்ச் அடித்துக் காட்டினார்.

"இது பகல் நம்பர். இது இரவு நம்பர். வீடு எடுக்கேக்க இரவில விலை குறைவு எண்டாங்கள். நாங்கள் இரவில முழிச்சிருக்கிற ஆக்கள்தானே, எங்களுக்கெண்டே செய்தது எண்டு ஓமெண்டிட்டன்."

"முழிச்சிருக்கிறது வேலையிடத்திலயெல்லோ" என்றார் மச்சான். "இஞ்ச இரவில முழிச்சிருக்கிறது பிரிட்ஜ் மட்டும்தான்."

உண்மை அதுதான். இரவு நம்பர் அசையவே இல்லை என்று சொல்லலாம். பகல் நம்பர் ஓடியிருந்தது. சோறு பகலில், குளியல் பகலில். நித்திரையும் பகலில் என்பதால் ஆளுக்கொரு குட்டிக் காற்று ஹீட்டர் பகல் முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் இரைந்தது. பகல் விலையோ சாதாரண வீட்டு விலையை விடக் கூடுதல். பில் வரும் நாளில் அண்ணை சாப்பிடுவதில்லையாம். வீட்டை வைத்திருப்பதா விடுவதா என்று வெள்ளிக்கிழமைக்குள் ஏஜென்டுக்குச் சொல்ல வேண்டும். விட்டால் அண்ணை லெஸ்டரில் தமக்கை வீட்டுக்குப் போவார், மச்சான் பேக்கரிக்கு மேலே யாரோடாவது ஒட்டிக்கொள்வார். நான் மறுபடி சூட்கேஸைத் தூக்க வேண்டியதுதான்.

"கம்பனிக்கு அடிச்சு ஒரே ரேட்டுக்கு மாத்துங்கோவன் அண்ணை" என்றேன்.

"மாத்தலாம். அதுவும் கொஞ்சம்தான் மிஞ்சும். இந்தக் குளிருக்கு என்னெண்டு சமாளிக்கிறது?"

"இந்தப் பெரிய ஹீட்டர்?"

"அது பழுது. வந்த நாளில இருந்து பழுது. வீட்டுக்காரன் வேலை செய்யுதெண்டு பொய் சொல்லுறான்."

சுவரில் அதன் சுவிச்சைப் போட்டுக் காட்டினார். தொட்டுப் பார்த்தேன், குளிர்தான். பிறகு அதை அணைத்தார். அந்த வீட்டில் அது ஒரு வழக்கம். வேலைக்குக் கிளம்பும் கடைசி ஆள் ஒவ்வொரு அறையாகப் போய், பிரிட்ஜைத் தவிர, சுவரில் உள்ள அத்தனை சுவிச்சையும் அணைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும். லீவு நாளில் இரவு படுக்கப் போகும்போதும் அப்படியே. ஆளில்லாத வீட்டில், இருட்டில் தூங்குகிற வீட்டில் கரண்ட் ஓடினால் நெருப்புப் பிடிக்கும் என்று அண்ணைக்குப் பயம். பகல் நித்திரைக்கு அந்தப் பயம் இல்லை. எங்கள் ஆட்கள் இருக்கும் பல வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். குட்மேய்ஸில் முதலாளியின் மனைவி டோஸ்டரின் பிளக்கைக் கழற்றித் தூக்கி உள்ளே வைப்பாள்.

அன்று மாலை இருவரும் வேலைக்குப் போனார்கள். போகுமுன் அண்ணை சுவிச்சுகளை அணைத்தார். அந்த வீட்டில் வேலை இல்லாத ஒரே ஆள் நான். காற்று ஹீட்டரைப் போட மனம் வரவில்லை. வந்த அன்றே பில்லைக் கூட்டினவன் என்ற பெயர் எதற்கு? பழுதானதாவது கொஞ்சம் வேலை செய்யுமோ என்று பெரிய ஹீட்டரின் சுவிச்சைப் போட்டுவிட்டு, ஜாக்கெட்டோடு அதற்குப் பக்கத்தில் படுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மனதுக்குள் திட்டியபடியே தூங்கிப்போனேன். சுவிச் போட்டது போட்டபடி.

விடியும்போது வியர்த்து எழுந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது போல ஒரு பக்கம் முழுக்கச் சூடு. ஜன்னல் கண்ணாடியில் நீர் வடிந்துகொண்டிருந்தது.

அண்ணை கதவைத் திறந்தவர் வாசலிலேயே நின்றார்.

"ஆர் இதைப் போட்டது? இரவு முழுக்கவோ? ஆள் நித்திரை கொள்ளேக்கயோ?"

"பழுதெண்டு சொன்னீங்கள்" என்றேன்.

அவர் அணைக்கக் கையை நீட்டினார். கை ஹீட்டரின் மேல் பட்டது. எடுக்கவில்லை. மற்றக் கையையும் வைத்தார். பிறகு திரும்பி முதுகை அதற்குக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்தார். சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. பின்னால் வந்த மச்சான், "அண்ணை, கோழிக்கு அடை வைச்ச மாதிரி இருக்கிறியள்" என்றார்.

மேல் வீட்டில் ஒரு தமிழ்நாட்டுப் பையன், கம்ப்யூட்டர் வேலை. அவர் படியிறங்கும் சத்தம் கேட்டதும் அண்ணை எழுந்து ஓடிப்போய் மறித்து, ஹீட்டரைப் பற்றிக் கேட்டார்.

"ஆமா அண்ணா, உள்ள செங்கல் இருக்கு" என்றார் அவர். "ராத்திரி ரேட் நேரத்துலதான் அதுக்குக் கரண்டே வரும். செங்கல் சூடேறி, பகல் பூரா வெளிய விடும். பகல்ல சுவிச் போட்டா ஒண்ணும் ஆகாது."

"நாங்கள் இரவில அணைச்சிட்டுப் போறனாங்கள்."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப எப்படி ஏறும்? ராத்திரி யூனிட் நிறைய இருந்தாதான் இந்தத் திட்டம் கட்டுப்படியாகும். இல்லேன்னா சாதாரண ரேட்டே மேல். பகல்ல வீட்ல இருக்கிற உங்களுக்குத்தான் இது சரி. எனக்கு வேஸ்ட். நான் வர்றப்ப சூடு தீர்ந்திடும்."

வெள்ளிக்கிழமை வரை சோதித்துப் பார்த்தோம். பெரிய ஹீட்டரையும் சுடுதண்ணீர்த் தொட்டியையும் இரவில் அணைக்காமல் விட அண்ணையைச் சம்மதிக்க வைப்பது சுலபமாக இருக்கவில்லை. நெருப்புப் பிடித்தால் நான் தண்ணீர் ஊற்றுவேன் என்று மச்சான்தான் என் சார்பில் வாக்குக் கொடுத்தார். இரவில் வோஷிங் மெஷின் ஓட அண்ணை கடைசி வரை விடவில்லை. சட்டைகள் பகல் விலையில்தான் வெளுத்தன, சோறும் பகல் விலையில்தான் வெந்தது. ஆனால் காற்று ஹீட்டர்கள் அலுமாரிக்கு மேலே ஏறின. அண்ணை வேலையால் வந்ததும் முதலில் மீட்டரிடம் போவார். பகல் நம்பர் ஊர்ந்தது, இரவு நம்பர் ஓடியது. வியாழன் மதியம் மூவரும் ஹீட்டரில் சாய்ந்து தேநீர் குடித்தோம். பேச்சு நடுவிலேயே அறுந்து, ஒவ்வொருவராகத் தூங்கிப்போனோம். நான் இருந்த எத்தனையோ அறைகளில் அந்த மதியம் போல ஒன்று கிடையாது.

வெள்ளிக்கிழமை அண்ணை ஏஜென்டுக்குப் போன் எடுத்து வீட்டை விடவில்லை என்றார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ என்ன செய்யப்போறாய்?"

விம்பிள்டனில் ஒரு பலசரக்குக் கடையில் பகல் வேலை கேட்டு வைத்திருந்தேன். வரச் சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னேன்.

மச்சான் தலையைச் சொறிந்தார். "பகல் முழுக்கக் கடையில நிண்டிட்டுப் பின்னேரம் வருவாய். நாங்கள் சூட்டை எல்லாம் திண்டு முடிச்சிருப்பம். நீ காத்து ஹீட்டரை எடுக்க அலுமாரிக்கு மேல ஏறுவாய்."

"ஏறமாட்டன்."

"குளிருக்கு எல்லாரும் ஏறுவினம் தம்பி" என்றார் அண்ணை, கோபமில்லாமல். "இரவுக்காரருக்குத்தான் இந்த வீடு சரி. உனக்கு இரவு வேலை ஏலாதெண்டு சொன்னனி. நான் கட்டாயப்படுத்தேல்ல. யோசி."

அன்று இருவரும் வேலைக்குப் போன பிறகு சூட்கேஸை எடுத்துத் திறந்து பார்த்தேன். மூடிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். கடைசி ஆள் அணைக்காமல் விட்ட சுவிச்சின் சிவப்பு விளக்கு சுவரில் எரிந்தது.

மறுநாள் காலை விம்பிள்டனுக்குப் போகவில்லை. குரோய்டனிலேயே வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு ஆபீசுக்கு நடந்து போனேன். ஓடி முடித்து வந்து நிற்கும் டிராம்களை விடியுமுன் கூட்டித் துடைக்க ஆள் வேண்டும் என்றார்கள். இரவு வேலை, சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதம் என்றேன்.