பதினேழாம் எண் வில்லை

புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தினுள் வெள்ளரிப் பிஞ்சு விற்க உரிமை பெற்ற ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று உண்டு. அதைக் கையில் கட்டியவர் பேருந்தின் சன்னல்வரை செல்லலாம். கட்டாதவர் வாயிலுக்கு வெளியே, வெயில் காயும் சாலையோரத்தில் நின்று, ஓடுகிற வண்டியைப் பார்த்துக் கூவலாம். முத்தாளின் வீட்டில் அடுப்பு எரிவதும் அவிவதும் அந்த வில்லையின் கையில் இருந்தது.

கணவனை இழந்த அவள் ஏழாண்டுகளாகப் பதினேழாம் எண்ணைக் கட்டியவள். வெள்ளிதோறும் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கும்போது, சோறு போடும் வில்லையையும் உடன் துலக்கி, சந்தனமும் குங்குமமும் இட்டுத் திருக்கோகர்ணத்து அம்மனை நோக்கித் தொழுவாள். தொழுத கையே தன் பிழைப்பைத் தேய்த்து வருவதை அவள் அறிந்தாளில்லை.

1956-ஆம் ஆண்டுச் சித்திரையில் ஒரு நண்பகல், நிலையத்து மேஸ்திரி ஏகாம்பரம் வில்லைகளைச் சோதிக்க வந்தார். அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றான் சோலையப்பன். அவனும் பிஞ்சு விற்பவன். முத்தாளின் கூடை காலியாவதைக் கண்டாலே வயிறு எரிபவன். அவன் வில்லையில் அழுக்கு அடையாய் அப்பியிருந்தது. தேயாத எண்ணோ தெளிவாகத் தெரிந்தது.

“கழட்டும்மா” என்றார் மேஸ்திரி.

முத்தாள் அவிழ்த்துக் கொடுத்தாள். வெயிலில் சாய்த்துப் பார்த்தார். வில்லை கண்ணாடியாய் மின்னியது.

“நம்பர் எங்க?”

“தேய்ச்சதுல மங்கிருக்குமுங்க. பதினேழுங்க. ஏழு வருசமா நான்தானுங்க பதினேழு.”

“ஏ முத்தாளு, அதுல மொகம் பாத்துக்க!” என்று சிரித்தான் சோலையப்பன். “மேஸ்திரி ஐயா, பாத்திரக் கடையில தகடு வாங்கிக் கட்டியிருக்கா, அம்புட்டுத்தான். வெளிய தள்ளுங்க.”

“கட்டையில போறவனே! ஒன் வில்லை அழுக்கச் சொரண்டுனா ஒரு கூடை தேறும். நீ என்னையச் சொல்றியா?”

“வாய மூடு. நம்பர் இல்லாதது வெறுந்தகடு. கூடையத் தூக்கிக்கிட்டு அங்கிட்டுப் போ” என்று மேஸ்திரி வில்லையைச் சட்டைப்பையில் போட்டார்.

திருமயத்து வண்டி உள்ளே திரும்பியது. சோலையப்பன் கூடையைத் தலையில் ஏற்றினான். முத்தாள் ஆத்திரத்தில் தன் வெறுங்கையைப் பிசைந்தாள். விடியல் முதல் வில்லை இறுக்கியிருந்த இடத்தில் விரலுக்குப் பள்ளம் தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தாள். உடனே மேஸ்திரியின் வழியை மறித்துக் கையை அவர் மூக்கருகே நீட்டினாள்.

“படிங்க.”

மெல்லிய தகட்டின் முகப்பில் அடித்த எண் பின்புறம் புடைத்திருந்தது. கயிறு கோத்த அந்தப் பக்கத்தை அவள் என்றும் துலக்கியதில்லை. அது சதையில் அழுந்தி, சிவந்த தடமாய்ப் பதினேழு என நின்றது.

மேஸ்திரி வில்லையை வெளியே எடுத்துப் பின்புறம் தடவினார், முகம் கறுத்தது. “இந்தா. இனித் தேச்சேன்னா தொலைச்சுப்புடுவேன்” என்று தரையில் விட்டெறிந்தார்.

“அந்தத் தோலையும் உரிச்சு ஆபீசுல வச்சுக்கங்க” என்றான் சோலையப்பன்.

“மொதல்ல ஒன் வாயில கொள்ளிய வைக்கிறேன்டா!”

புழுதியிலிருந்து வில்லையைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு, அவன் தோளை இடித்துத் தள்ளி, வண்டியின் முதற்சன்னலை அவளே பிடித்தாள்.

அடுத்த வெள்ளியன்று குத்துவிளக்கு ஒளிர்ந்தது. வில்லையின்மேல் புளியை வைக்க அவள் கை துணியவில்லை. புழுதி படிந்த பித்தளைக்கு அப்படியே பொட்டிட்டாள். இதுவும் சோலையப்பன் வில்லையைப் போல் ஆகப்போகிறதே என்று எண்ணியபோது, தொழுத கைகளுக்கிடையிலும் அவளுக்கு வயிறு பற்றியெரிந்தது.