வீட்டிலிருந்தே செய்யலாம்

குருநகரில் லவீனாவை எல்லாருக்கும் தெரியும். அவள் என்ன வேலை செய்கிறாள் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. கலாநிதிப் பட்டம் எடுத்தவள் என்பதால் டொக்டர் என்றார்கள். போஸ்ற்டொக்குக்கு விண்ணப்பித்திருக்கிறாள் என்று காதில் விழுந்ததும் பக்கத்து வீட்டு மக்டலீன் மாமி, போஸ்ற்றிங் எந்த ஆஸ்பத்திரிக்கு என்று குடைந்தெடுத்துவிட்டாள். பட்டம் முடித்தவர்கள் இன்னொருவருடைய ஆய்வுகூடத்தில் இரண்டு மூன்று வருடம் ஆராய்ச்சி செய்வதுதான் அது என்று லவீனா விளக்கினாள். அப்ப இன்னும் படிச்சு முடியேல்லையோ என்று மாமி பரிதாபப்பட்டாள். அதற்குப் பிறகு லவீனா யாருக்கும் விளக்கப் போகவில்லை.

டெங்குக் கிருமி உடலின் உயிர்க்கலத்துக்குள் எப்படிப் புகுகிறது என்பதைக் கணினியில் மாதிரியாக உருவாக்கிப் பார்ப்பது அவள் வேலை. அம்மா செத்த பிறகு வீட்டில் அவளும் அப்பா யாகோப்புவும்தான். அந்த மனுசன் பொழுதுபடக் கடலுக்குப் போய், விடியக் கரைக்கு வந்து, மீனை விற்றுச் சாப்பிட்டுவிட்டுப் பகல் முழுக்க நித்திரை கொள்வார். அவருடைய நித்திரை குழம்பக்கூடாதென்று அவள் பூனைபோல நடப்பாள். முகம் பார்த்துக் கதைப்பது ஒரு கோப்பைச் சோறு முடியுமட்டுந்தான். சில நாட்களில் அவள் திரையோடு கதைத்தாள். விசர் பிடித்துவிடுமோ என்று பயந்தும் இருக்கிறாள்.

சம்பளமோ பெயரோ அல்ல அவள் ஆசை. பக்கத்து மேசையில் ஒருத்தி இருக்கவேண்டும். "இஞ்சை ஒருக்கா வந்து பாரும்" என்றால் எழும்பி வரவேண்டும். வந்து பார்த்து, இது பிழை என்று சண்டையாவது பிடிக்கவேண்டும். அதற்காகத்தான் இத்தனை விண்ணப்பங்களும்.

ஜேர்மனியில் ஒரு பேராசிரியர் கணினி வழியாக நேர்முகத்துக்குக் கூப்பிட்டார். கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி வெளுத்து வாங்கினாள். கடைசியில், நாட்டை விட்டு வருவதில் ஏதும் சிரமமுண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். தகப்பனை விட்டுவிட்டு வர ஒரு பெட்டை துள்ளிக்கொண்டு நிற்கிறாள் என்று நினைப்பாரோ என்ற பயம். அப்பா தனிய, அதுதான் கொஞ்சம் யோசனை என்றாள். எங்கள் ஊரில் இதெல்லாம் ஒரு மரியாதைப் பேச்சு, கேட்பவர் 'அதைப் பாத்துக்கொள்ளலாம், நீ வா' என்றுவிடுவார். அந்த மனுசன் அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டார்.

அடுத்த கிழமை பதில் வந்தது. வேலை அவளுக்குத்தான். கணினி வேலைதானே, தகப்பனைத் தனியே விடவேண்டாம், வீட்டிலிருந்தே செய்யலாம், நானே எல்லாரோடும் கதைத்து ஒழுங்கு பண்ணிவிட்டேன் என்று எழுதியிருந்தார். இவ்வளவு நல்ல மனுசனிடம் போய், நான் அங்கே வரத்தான் ஆசைப்பட்டேன் என்று எப்படி எழுதுவது? யாகோப்பு கோவிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார்.

"கடவுள் உன்னை என்னட்டையிருந்து பிரிக்கேல்லை, பிள்ளை."

அவள் ஓம் என்றாள்.

முதல் திங்கட்கிழமைக் கூட்டம் இங்கே மத்தியானம், அங்கே காலை. ஆய்வுகூடத்தில் எல்லாரும் நீள மேசையைச் சுற்றி, லவீனா சுவரில் ஒரு திரையில். அவளுடைய மாதிரியைப் பார்த்துக் கேள்விகள் கேட்டார்கள். ஒரு பெண் அதில் பிழைகூடப் பிடித்தாள். லவீனாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மறுமொழி சொல்ல வாயெடுத்தபோது பேராசிரியர் மணியைப் பார்த்து, தேநீர் நேரம் என்றார். அந்தப் பிழையைப் பற்றியே கதைத்துக்கொண்டு எல்லாரும் கதவால் வெளியே போனார்கள். கமராவை நிறுத்த யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவள் அந்த வெறுங் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அழுகை வந்தது.

யாகோப்பு பாயில் புரண்டார். "கூட்டம் முடிஞ்சுதோ, பிள்ளை?"

"தேத்தண்ணி குடிக்கப் போயிட்டினம், அப்பா."

"அப்ப நீயும் ஊத்திக் குடியன்" என்றுவிட்டு, அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.