புரூஜ் பட்டணத்தில் வெறுங்காலோடு ஒரு நாள்

1. வாசற்படியில் ஷூ இல்லை

மாதா கோவிலில் செபம் முடித்து வெளியே வந்து பார்த்தால், வாசற்படியில் கழற்றி வைத்த என் ஷூவைக் காணோம்.

ஊர், பெல்ஜியம் தேசத்தில் உள்ள புரூஜ். குளிர்காலம் தொடங்கியிருந்தது. சேலையும் கம்பளிச் சால்வையுமாக, வெறுங்காலோடு நான் கல் படியில் நின்றேன். நாலு மணிக்கு அந்த ஊர்ப் பெரிய லேஸ் கடைக்காரியின் முன்னால் போய் நிற்க வேண்டும். அவள் சொல்லும் ஒரு வார்த்தையில் எங்கள் லேஸ் ரூம் பெண்கள் அத்தனை பேருடைய பிழைப்பும் இருந்தது.

லேஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களே, நான் புதுக்கடை என்ற ஊர்ப் பக்கத்துக்காரி. பெயர் ரோசம்மாள். நூல் சுற்றிய பாபின் கட்டையைப் பிடிப்பதையும் பின் ஊசி குத்துவதையும் உங்கள் டீச்சர் சொல்லித் தருவாள். இது அவள் சொல்லித் தராத பாடம், அதனால் நான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. கன்னியர் மடத்தில் ஒரு லேஸ் ரூம். அதை நடத்திய மதர் பெல்ஜியத்துக்காரர். தமிழை எங்களிடம்தான் கற்றார். ஆகவே எங்களைத் திட்டும்போதும் எங்கள் பேச்சிலேயே திட்டுவார். வேறு ஊர்த் தமிழர்கள் அவர் பேசுவதைக் கேட்டால் மிரண்டுபோவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் மதர் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது என்னையும் அழைத்துப் போனார். அங்கே மிஷன் விற்பனையில் நான் உட்கார்ந்து பின்னிக் காட்ட வேண்டும். அது நல்லபடியாக முடிந்தது. ஆனால் முடிந்த கையோடு கெட்ட சேதி வந்தது. எங்கள் சரக்கில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டிருந்த புரூஜ் கடைக்காரி, இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நேரில் பேசிப் பார்க்கலாம் என்று அன்று காலை ரயிலேறி வந்தோம். கடைக்காரி என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். காலில் ஷூவைக் கண்ட பிறகுதான் உள்ளே வரச் சொன்னாள். அவள் பேசியதை மதர் எனக்கு மெதுவாகச் சொன்னார்.

“இது கையில பின்னினதுன்னு இவளுக்குத் தெரியுமாம். ஆனா வாங்க வாறவங்க நம்பலையாம். இந்தியாவில உள்ள பொம்பளையளுக்கு இவ்வளவு நைசா பின்ன எங்க தெரியும், இது மிஷின் லேஸ்னு சொல்லுகாளாம். நாலு மணிக்கு வந்து மிச்சச் சரக்க எடுத்துட்டுப் போணுமாம்.”

“மதர், நான் இங்கன உக்காந்து பின்னிக் காட்டட்டா?”

“இவளுக்குக் காட்டி என்னட்டி? இவதான் நம்புகாளே!”

வெளியே வந்ததும் மதர், “எனக்க அக்கா சீக்கா கிடக்கா. பாத்துட்டு வாறேன். நீ ஊரப் பாரு. இவ்வளவு தூரம் வந்துட்டு ஊரு பாக்காமப் போனா உன்னய எல்லாரும் சிரிப்பாவ. நாலு மணிக்கு இன்னும் ஒருக்க அவகிட்ட கேட்டுப் பாப்போம். அந்த ஷூவ மட்டும் கழத்திராத, கேட்டியா?” என்றார்.

கேட்டேன். ஆனால் கோவில் வாசலில் கால் தானாக நின்றது. எங்கள் பக்கத்தில் கோவிலுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போனால் கோவிலைக் கவனிக்கும் உபதேசியார் காதைப் பிடித்து வெளியே தள்ளுவார். இந்த ஊர்க்காரர்களோ பூட்ஸ் சத்தம் கேட்க உள்ளே போனார்கள். இவர்கள்தானா நமக்கு வேதம் சொல்லித் தந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு, ஷூவைக் கழற்றிப் படியோரம் ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே போனேன். வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு மாதா இருந்தாள். பாலன் இயேசு மடியில் உட்காராமல், அம்மாவின் முழங்காலுக்கு நடுவில், இறங்கி ஓடப்போகிறவன் போல நின்றான். அவனைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் நேரம் போனது தெரியவில்லை.

2. நனைந்த பின் முக்காடு எதற்கு

படி, வாசல், தெரு எல்லாம் தேடினேன். போகிறவர்களிடம் காலைக் காட்டிக் கையை விரித்தேன். ஒருவர் காசு கொடுக்க வந்தார். எனக்கு வந்த கோபத்தில் அவரைத் தமிழில் நாலு வார்த்தை கேட்டேன். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

அழுகை வந்தது. குளிருக்காக இல்லை. வெறுங்காலோடு என்னைக் கண்டால் கடைக்காரி வாசலிலேயே மதரைத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்ற பயம். லேஸ் ரூம் பெண்களின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. அதில் பாதிப் பேர் வீட்டில் இந்த வேலையில்தான் உலை கொதித்தது.

கொஞ்ச நேரம் போனதும் அழுகை சலித்துவிட்டது. சரி, நனைந்த பின் முக்காடு எதற்கு? நான் ஊர் பார்க்க வந்தவள். பார்த்துவிட வேண்டியதுதான்.

நடந்தேன். பிறந்த நாள் முதல் வெறுங்காலில் நடந்தவள்தானே, கல் பாவிய தெரு எனக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. ஷூ போட்டிருந்த காலையில்தான் வழுக்கி வழுக்கி நடந்தேன். பெரிய சதுக்கத்துக்கு வந்தேன். படிப்படியாக மேலேறும் முகப்போடு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஒரு பக்கம் மணிக்கோபுரம். அண்ணாந்து பார்த்ததில் சால்வை தலையிலிருந்து விழுந்தது. கோபுரத்துக்குள் இருந்த மணிகள் சும்மா அடிக்கவில்லை; பாட்டே பாடின. ஒரு பாட்டு முழுவதும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஊருக்குள்ளேயே கால்வாய் ஓடியது. வள்ளத்தில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டினார்கள். எங்கள் ஊரில் வள்ளத்தில் தேங்காய்மட்டை போகும். இங்கே ஒரு வேலையும் இல்லாத மனுஷர்கள் போனார்கள். பாலத்தில் நின்ற என்னை அவர்கள் பார்க்க, நான் அவர்களைப் பார்த்தேன். இரண்டு பக்கத்துக்கும் வேடிக்கைதான். இத்தனை அழகான ஊரைக் கட்டிவிட்டு, என் லேஸை மட்டும் நம்ப மாட்டேன் என்கிறார்களே என்று ஆத்திரமாக வந்தது.

3. உச்சுக் கொட்டியது

கால்வாயை ஒட்டிய சந்தில் திரும்பினேன். வெள்ளையடித்த சின்னச் சின்ன வீடுகள். வாசலில் நாற்காலி போட்டு, மடியில் வைத்த தலையணைமேல் பெண்கள் லேஸ் பின்னிக்கொண்டிருந்தார்கள். பாபின்கள் ஒன்றோடொன்று மோதும் கடகட சத்தம் என் லேஸ் ரூமின் சத்தமேதான். எனக்கு வீட்டுக்கு வந்துவிட்டது போல் ஆயிற்று.

முதல் வாசலில் இருந்தவள் என் வயதுக்காரி. தடித்த உடம்பு, பெரிய குரல். என் காலைப் பார்த்தாள். என்னவோ சொல்லிச் சிரித்துவிட்டு, தன் காலடியில் இருந்த மரப்பெட்டியை என் பக்கம் தள்ளினாள். மேல் பலகையில் ஓட்டை போட்டு, உள்ளே கனல் வைத்த பெட்டி. காலை அதன்மேல் வைத்தேன். அந்தச் சூடு உச்சந்தலை வரை ஏறியது. அவளைக் கும்பிட்டேன்.

கும்பிட்டவள் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கண் அவள் தலையணைமேல் போனது. நாங்களும் பார்த்துப் பின்னுகிற அதே பூ வரைந்த அட்டை. இதழ் திரும்பும் இடத்தில் நூலை லொடலொடவென்று விட்டிருந்தாள். என்னை அறியாமல் உச்சுக் கொட்டிவிட்டேன்.

உச்சுக் கொட்டுவது எல்லா ஊர்ப் பெண்களுக்கும் விளங்கும். அவள் முகம் சிவந்துபோயிற்று. விருட்டென்று எழுந்து, நாற்காலியைக் காட்டி, தலையணையை என் மடியில் வைத்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். ‘கிழிச்சுக் காட்டு பாப்போம்’ என்று எங்கள் ஊர்க்காரி சொல்வதையே அந்த நிற்பு சொன்னது.

எடுத்தேன். கை ஓடவில்லை. எங்கள் லேஸ் ரூம் பழக்கம் அப்படி. வாயை மூடிக்கொண்டு யாரும் பின்ன மாட்டோம். ஒரு வரிசைப் பெண்கள் மாதாவுக்குச் சொல்லும் மங்கள வார்த்தை செபத்தில் முதல் பாதி சொல்வார்கள், எதிர் வரிசை மறு பாதி சொல்லும். அந்த இழுப்பில்தான் பாபின் மாறும். செபம் முடியும் இடத்தில் பின் ஊசி குத்துவோம். வாய் நின்றால் கையும் நிற்கும். வேறு வழியில்லாமல் சத்தமாகத் தொடங்கினேன். “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க…”

முதல் பாதி முடிந்தது. மறு பாதியை நானே சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இடுப்பில் கைவைத்து நின்றவள் தன் பாஷையில் அதைச் சொல்லத் தொடங்கிவிட்டாள்! ‘மரியா’ என்ற ஒரு சொல் அவளுக்குப் போதுமாக இருந்தது. நானும் விடவில்லை. நான் ஒரு பாதி, அவள் ஒரு பாதி. பக்கத்து வாசல் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கை பறந்தது. அன்று பின்னியது போல் நான் என் ஆயுளில் பின்னியதில்லை.

தலை நிமிர்ந்தபோது சந்து அடைத்துக் கூட்டம். ஊர் பார்க்க வந்தவர்கள் எல்லாம் கோபுரத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு இங்கிலீஷ்காரச் சீமாட்டியும் கேமராவோடு அவள் புருஷனும். சீமாட்டி குனிந்து பூவைத் தொட்டுப் பார்த்தாள்.

“இண்டியா?” என்று கேட்டாள்.

மடத்தில் காதில் விழுந்த நாலு இங்கிலீஷ் வார்த்தை என்னிடம் இருந்தது. எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன். “யெஸ். டிராவன்கூர். ஆல் விமன், மை வில்லேஜ், ஹேண்ட் லேஸ். நோ மிஷின்!” இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். பிறகு கடை இருந்த சதுக்கத்தின் பக்கம் விரல் நீட்டி, “பிக் ஷாப். மை வில்லேஜ் லேஸ். கோ, ஸீ!” என்றேன்.

வாசல்காரி என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். இதழைப் பார்த்தாள். உச்சுக் கொட்டவில்லை.

4. கடையில்

மணி நாலு அடித்தபோது மதர் சந்துக்குள் ஓடி வந்தார். கையில் என் ஷூ தொங்கியது. யாரோ மறந்துவிட்டுப் போனது என்று கோவில்காரர் எடுத்து உள்ளே வைத்திருந்தாராம்.

“ஏட்டி ரோசம்மா! உன்னயத் தேடித் தேடி எனக்க உயிரு போச்சு. கோவில் வாசல்ல ஷூவக் கழத்துவாளா ஒருத்தி?”

“ஷூவோட சாமிகிட்ட போவாளா ஒருத்தி, மதர்?”

ஷூ போட நேரமில்லை. வெறுங்காலோடு, அவர் பின்னால் ஓடினேன்.

கடைக்குள் நுழைந்தோம். எங்கள் சரக்கு மூட்டையாகக் கட்டி மேஜைமேல் இருந்தது. ஆனால் கடைக்காரி அதை அவசர அவசரமாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எதிரே அந்த இங்கிலீஷ்காரச் சீமாட்டி. அவள் பின்னால் சந்தில் நின்ற இன்னும் சில முகங்கள். சீமாட்டி என்னைக் கண்டதும் கூவினாள். மதர் அதை என் காதில் சொன்னார்: “‘இவதான், இவதான் கையால பின்னினா, நான் கண்ணால பாத்தேன்’னு சொல்லுகா.”

கடைக்காரி என் காலைப் பார்த்தாள். வெறுங்கால்தான், நானும் ஒளிக்கவில்லை. அவள் மதரிடம் வேகமாகப் பேசினாள். மதரின் கண் நிறைந்துவிட்டது.

“சரக்க எல்லாம் வச்சுக்கிடுகாளாம். நாளைக்கும் மறுநாளும் நீ இவளுக்க கடை ஜன்னல்ல இருந்து பின்னணுமாம். வருவியான்னு கேக்குகா.”

“வாறேன். முதல்ல கேளுங்க மதர், வருஷா வருஷம் நம்ம சரக்கு எடுப்பாளா?”

கேட்டார். எடுப்பாளாம்.

“பொம்ம மாதிரி உக்கார மாட்டேன். வாயத் தொறந்து செபம் சொல்லித்தான் பின்னுவேன்.”

சரியாம்.

“அப்ப இன்னும் ஒண்ணு. வேலை நாளைக்குத்தான். இன்னைக்கு நான் ஊரு பாக்க வந்தவளாக்கும். அந்த மணிக்கோபுரத்தில ஏறணும்.”

அதைக் கேட்டுக் கடைக்காரி அன்று முதல்முறையாகச் சிரித்தாள். கோபுரம் அடைக்கும் நேரமாகிவிட்டதால் தானே கூட வந்து, காவல்காரனிடம் சொல்லி எங்களை மேலே அனுப்பினாள். படி குறுகலாகச் சுழன்று சுழன்று ஏறியது. மதர் மூச்சு வாங்கி நின்று நின்று வந்தார். நான் நிற்கவே இல்லை. உச்சியில் நின்று பார்த்தால் சிவப்பு ஓடுகள், கால்வாய்கள், அதற்கப்பால் பச்சை வயல், கடைசியில் கடல் போல ஒரு கோடு. மதர் வந்து சேருமுன், ஜெயித்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். யாருக்கும் புரியாத இடத்தில் பெருமை பேசினால் தப்பில்லை.

5. பெயர்

ஊருக்குத் திரும்பியதும் நான் மதரிடம் ஒன்று கேட்டேன். இதுவரை நாம் லேஸை மட்டும் அனுப்பினோம். பின்னியவள் யாரென்று யாருக்கும் தெரியாது. தெரியாத கையை எவள் நம்புவாள்? இனி ஒவ்வொரு லேஸிலும் பின்னியவள் பெயரை எழுதிக் கட்டி அனுப்ப வேண்டும். மதர் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

பெண்களே, பாடம் இவ்வளவுதான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். வேலை நன்றாக இருந்தால் அது தானே பேசும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நூலுக்கு வாய் கிடையாது, உங்களுக்குத்தான் உண்டு. செய்தது நான் என்று சொல்லப் பழகுங்கள்.

எங்கள் லேஸ் ரூமில் தங்கம்மை என்று ஒருத்தி இருந்தாள். பக்கத்திலிருக்கும் களியக்காவிளைக்கு அப்பால் ஊர் இருப்பதையே அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். அடுத்த ஆர்டர் வந்தபோது மதர் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். புரூஜில் ஒரு கலியாணப் பெண்ணுக்கு முக்காடு லேஸ் வேண்டுமாம், அதைத் தங்கம்மைதான் பின்ன வேண்டுமாம், வேறு ஆள் கூடாதாம். லேஸ் ரூமில் அத்தனை பாபினும் நின்றுவிட்டது.

தங்கம்மையின் பாபின் மட்டும் நிற்கவில்லை. தலை நிமிராமலே சொன்னாள்: “கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க மதர். கையில வேலை இருக்கு.”