எட்டு செகண்டை எண்ணியவர்

சுனாமிக்கு அடுத்த வருஷம் மரக்காணத்தில் நடந்த பாஸ்கெட்பால் ஃபைனலுக்கு நடுவராக வந்தவர், குள்ளமான ஒரு பெண். எண்ணும்போது அவர் உதடுகள் மட்டும் அசையும். நான் உப்பளத்து அணியின் கேப்டன். கடைசி நிமிஷத்தில் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தோம்.

பந்து கிடைத்த எட்டு செகண்டுக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். எங்கள் பாதியிலேயே எதிரணி அதை வெளியே தட்டிவிட்டது. பந்து மறுபடி எங்களுக்கே வந்தது. எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும் என்று நம்பி நிதானமாகப் போனேன். எட்டு செகண்ட் முடிந்ததென்று நடுவர் விசில் ஊதி, பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிட்டார்.

"தட்டிவிட்டது அவங்க மேடம்!"

"பந்து உங்களோடதுதானேப்பா? விட்ட எடத்துலேர்ந்துதான் எண்ணணும்."

கூட்டம் உள்ளே பாய்ந்தது. "மாத்திச் சொல்லு!" என்று கத்தினார்கள். யாரோ எறிந்த மண்ணாங்கட்டி அவர் தோளில் பட்டு உடைந்தது. அவர் நகரவில்லை. நான்தான் எங்கள் ஆட்களைப் பின்னுக்குத் தள்ளினேன். எதிரணி கூடை போட்டு ஜெயித்தது.

பிறகு டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கும்போதே அவர் சட்டையில் சிந்தியது.

"பயந்துட்டீங்களா மேடம்?"

"செத்தேன்னே நெனச்சேன்."

"அப்ப மாத்திச் சொல்லியிருக்கலாமே?"

என்னை விநோதமாகப் பார்த்தார். "எண்ணிட்டேனே!"

அவ்வளவு பயந்தவர் எப்படி அசையாமல் நின்றார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.