சேஸிஸில் மாட்டிய கம்பி

1

பிரேக்கை மிதித்தால் ட்ரெய்லரின் இரண்டு இண்டிகேட்டரும் மங்கலாக எரிந்தன. வலது இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து சிமிட்டியது. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் இருபது வருஷம் லாரிகளுக்கு மெக்கானிக் வேலை பார்த்தவன் நான். ஜீப்புக்குப் பின்னால் இழுக்கும் ட்ரெய்லருக்குக் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

ட்ரெய்லர் தேன்மொழியுடையது. பீங்கான் பொம்மை, கப்பு செய்யும் சூளை நடத்துபவர். சேலத்துக் கடைகளுக்கு லாரியில் அனுப்பினால் சரக்கு உடைந்து போகிறது என்று, தன் ஜீப்பிலேயே இழுத்துப்போக ஒரு ட்ரெய்லர் வாங்கியிருந்தார். ஜீப்பில் ஹூக் மாட்டுவது, பிரேக், ஒயரிங் மூன்றும் என் பொறுப்பு. டிரைவர் யூசுப் பாய் மங்கலம்பேட்டைக்காரர். சவுதியில் பல வருஷம் ட்ரெய்லர் இழுத்துவிட்டு ஊர் திரும்பியவர்.

அவர்தான் பின்னால் நின்று லைட்டைப் பார்த்தார்.

"எர்த்து எங்கேர்ந்து எடுத்தீங்க மேஸ்திரி?"

"ஹூக்கு வழியாவே வருது பாய். இரும்புதான?"

"ஹூக்குல கிரீஸ் இருக்குது, துரு இருக்குது. தனி ஒயர் வேணுங்க."

ஜீப்பின் கரண்ட்டை ட்ரெய்லருக்குக் கொண்டுபோகும் ஏழு பின் சாக்கெட்டில் எர்த்துக்கென்று தனியாக ஒரு ஒயரை இழுத்து, பேட்டரி நெகட்டிவ் வரை கொண்டுபோனேன். கோளாறு நின்றது. டிரைவர் சொல்லித் திருத்தும்படி ஆனதில் எனக்குத்தான் முகம் சுண்டிப்போனது.

2

அந்த ட்ரெய்லரின் பிரேக்குக்கு ஜீப்பிலிருந்து லைன் கிடையாது. ஜீப் வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளல் ஒரு தண்டை அமுக்கி, ட்ரெய்லரின் டிரம் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். இறுக்கமாக வைத்தால் குலுங்கும், பீங்கான் தாங்காது. தளர்வாக வைத்தால் ட்ரெய்லர் ஜீப்பை முட்டித் தள்ளும். காலியாக ஒரு முறை, சரக்கோடு மூன்று முறை ஓட்டிப் பார்த்து அதைச் சரிப்படுத்தினேன். அதில் எனக்குப் பெருமைதான்.

இன்னொரு கம்பியும் உண்டு. ட்ரெய்லர் கழன்றுவிட்டால் அதன் ஹேண்ட் பிரேக் லிவரை இழுத்துவிடும் கம்பி. அதன் மறு முனையை, ஜீப்பின் பின்னால் ஹூக்கைத் தாங்கும் பிளேட்டிலேயே மாட்டியிருந்தேன். யூசுப் பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார்.

"பிளேட்டே கழண்டா கம்பியும் அதோட போயிடும். ஜீப் சேஸிஸ்ல மாட்டுங்க."

"நாலு போல்ட் போட்டிருக்கேன். எங்க கழலப் போவுது?"

"சவுதியில ஒண்ணு கழண்டு போனத நான் கண்ணால பாத்திருக்கேன். அடிபட்டவன் என் ரூம்ல இருந்தவன். மாத்தாம நான் வண்டி எடுக்க மாட்டேன். நீங்க கோவிச்சாலும் பரவால்ல."

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. சரக்கு ஏற்றியாகிவிட்டது. தேன்மொழி டிரைவரைத்தான் அதட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"மாத்த எவ்ளோ நேரம் ஆவும்ணே?" என்று தேன்மொழி என்னைக் கேட்டார்.

"சேஸிஸ்ல வளையம் வச்சு மாட்டணும். அரை நாள் ஆவும்."

"அப்ப மதியானம் கெளம்பட்டும். கடைக்கு நான் போன் பண்ணிக்கிறேன்."

முணுமுணுத்துக்கொண்டே மாற்றினேன்.

3

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் யூசுப் பாய் போன் செய்தார்.

"வேப்பூர் தாண்டல மேஸ்திரி, ட்ரெய்லர் கழண்டுடுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆவல. வாங்க."

பைக்கில் போனேன். சாலையோர டீக்கடைக்குப் பத்தடி முன்னால் ட்ரெய்லர் மூக்கைத் தரையில் குத்தி நின்றது. டயர் தேய்த்த கறுப்புக் கோடு தார் ரோட்டில் நீளமாகத் தெரிந்தது. பெஞ்சில் பஸ்ஸுக்காக ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண்ணின் மடியில் கைக்குழந்தை.

ஹூக் பிளேட் முழுசாகப் பெயர்ந்து வந்திருந்தது. நான்கு போல்ட்டில் இரண்டைக் காணவில்லை, இரண்டு முறிந்திருந்தன. ஜீப்பின் சேஸிஸ் வளையத்தில் அறுந்த கம்பியின் துண்டு தொங்கியது. அறுவதற்கு முன் லிவரை முழுக்க இழுத்துவிட்டிருந்தது.

புது போல்ட்டுகள் ஓட்டத்தில் தளரும்; சேலத்துக்கு முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் அவற்றை ஒரு முறை திரும்ப இறுக்க வேண்டும். அதற்காக வண்டியைத் திரும்பக் கூப்பிட மறந்தது நான்தான்.

யூசுப் பாய் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. டீ வாங்கிக் கையில் கொடுத்து, "மொதல்ல இத குடிங்க" என்றார்.

சாயங்காலம் சூளைக்குப் போய்த் தேன்மொழியிடம் மறைக்காமல் சொன்னேன். "தப்பு என்னுதும்மா. போல்ட்ட ரெண்டாந்தடவ டைட் பண்ணல. இனிமே வேற யார்கிட்டயாவது குடுத்துக்குங்க."

அவர் கையில் ஒட்டிய களிமண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "வேற யார்கிட்ட குடுத்தா இத மறக்க மாட்டாங்கன்னு நெனைக்கிறீங்க? நீங்களே மாட்டுங்கண்ணே. நீங்க இனிமே மறக்க மாட்டீங்க."

அதன் பிறகு நாற்பதுக்கும் மேல் ட்ரெய்லர்கள் என் கையால் போயிருக்கின்றன. முதல் ஓட்டத்துக்குப் பின் ஒன்றைக்கூடத் திரும்பக் கூப்பிடாமல் விட்டதில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வேலை முடிந்ததும் ஓட்டுகிறவரைக் கூப்பிட்டு அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் குறை சொன்னால் கோபம் வரும், வரட்டும். அவர் சொன்ன வேலையைச் செய்துவிட்டுக் கோபப்படுங்கள். யூசுப் பாயும் தேன்மொழியும் எனக்குக் கொடுத்த வாழ்வு இது.