அடையாளம் என்ற கட்டம்

கார்த்திகை தீபத்தன்று கூட்டத்தில் காணாமல் போனவர்களைப் பதிவு செய்ய, தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் எங்களை உட்கார வைத்திருந்தார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஏதோ ஒரு வருடம். நான் அப்போது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடிக்கும் வேலையில் இருந்தேன். சென்டரை நடத்திய அக்கா, தொண்டர் குழு ஒன்று கேட்டுக்கொண்டதற்காக ஒரு கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் என்னையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அதுவரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் அந்த வருடம்தான் எக்செலுக்கு மாறினார்கள். பெயர், ஊர், வயது, போன் நம்பர், அடையாளம் என்று கட்டங்கள் போட்டிருந்தேன். அரை மணிக்கு ஒரு தடவை பிரிண்ட் எடுப்போம். கிரிவலப் பாதையில் இருந்த ஐந்து உதவி மையங்களுக்கும் பைக்கில் போகும். அதைப் பார்த்து மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், தொண்டர்கள் தேடுவார்கள்.

காலையில் வந்தவர்கள் எல்லோரும் ஒரு வரியில் முடித்தார்கள். மொட்டை, சிவப்புச் சட்டை, ஆறு வயது. அவ்வளவுதான். மதியம் ஒரு மணிக்கு ஒருவர் வந்தார். செய்யாறு பக்கம் நிலம் வைத்திருப்பவர், அறுபதை நெருங்கும் வயது. அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னால் மனைவியின் கை விட்டுப்போனதாம். அங்கேயே தேடிப் பார்த்துவிட்டு மீதிப் பாதையையும் நடந்து முடித்து வந்திருந்தார். கால் முழுக்கப் புழுதி.

“அடையாளம் சொல்லுங்கய்யா” என்றேன்.

“செவப்பா இருப்பா. செவப்புன்னா ஒரே செவப்பு இல்லம்மா, வெயில்ல நின்னு நின்னு கம்மியாயிடுச்சி. கத்திரிப்பூ கலர்ல பொடவ. தீபத்துக்குன்னே எடுத்தது, வேணாம் வேணாம்னா, நாந்தான் எடுத்துக் குடுத்தேன். கொஞ்சம் சாஞ்சி நடப்பா…”

நான் அவர் சொன்னதை எல்லாம் அடித்தேன். எது தேவை, எது தேவையில்லை என்று பிரிக்கத் தெரியவில்லை. உண்மையில் பிரிக்க மனசு வரவில்லை. அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது என்டர் தட்டினேன். அவ்வளவு வார்த்தைகளும் மறைந்து, கட்டம் முழுக்க வேலி போட்டதுபோல ஒரே குறியாக வந்து நின்றது. ########.

“அய்யோ, போயிடுச்சாம்மா?” என்று அவர் எழுந்துவிட்டார். தன் மனைவியே இரண்டாவது தடவை தொலைந்துபோனதுபோல இருந்தது அவர் முகம்.

அக்கா ஓடிவந்தார். கட்டத்தை இழுத்து அகலமாக்கினோம், அப்போதும் குறிதான். போன் நம்பரில் முன்னால் வரும் பூஜ்யம் போய்விடக் கூடாதென்று எல்லாக் கட்டங்களையும் நான் ‘டெக்ஸ்ட்’ என்று வைத்திருந்தேன். அக்கா அதை ‘ஜெனரல்’ என்று மாற்றினார். எழுத்துகள் திரும்பி வந்தன. பெரியவர் நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்தார். பிறகு இன்னும் அவ்வளவு சொன்னார்.

“ஏண்டீ, இம்மாம் நீளமா? சுருக்குடீ” என்று அக்கா காதோரம் சொன்னார். நான் சுருக்கவில்லை. பிரிண்ட் எடுத்து அனுப்பினோம்.

மூன்று மணிக்கு அவர் மறுபடி வந்து நின்றார். குரல் மாறியிருந்தது. “மைக்ல அவ பேர கூப்ட்டுகினே இருக்காங்களேம்மா. அவளுக்குதான் காது கேக்காதுன்னு சொன்னேனே? எடது காது சுத்தமா இல்ல, வலது பக்கம் கிட்ட வந்து பேசுனாதான்.”

சொன்னார். நான் அடித்ததும் நினைவிருந்தது. ஆனால் பிரிண்டில் இல்லை. அந்தக் கட்டம் ஒரு வார்த்தையின் நடுவிலேயே நின்றுபோயிருந்தது. கட்டத்தின் மேல் கிளிக் செய்தால், திரையின் மேலே இருக்கும் நீளப் பட்டையில் எல்லாமே இருந்தன. ஆயிரத்துச் சொச்சம் எழுத்துக்கு மேல் போனால் உள்ளே வைத்துக்கொள்ளும், வெளியே காட்டாது என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை. இரண்டு மணி நேரமாக, காது கேட்காத ஒருவரை ஊரே மைக்கில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

“கீழ புது வரிசை ஒன்னு போடு. மிச்சத்த வெட்டி அதுல ஒட்டு” என்றார் அக்கா. ஒட்டினேன். காதைப் பற்றியதோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது: ‘சும்மா உக்கார மாட்டா. எங்க போனாலும் யாருக்காவது ஏதாவது செஞ்சிகினே இருப்பா.’

இந்தத் தாளோடு பைக் கிளம்பியது. அதுவரை, அழுதபடி ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெண்களிடம்தான் தொண்டர்கள் விசாரித்திருக்கிறார்கள். கடைசி வரியைப் படித்த ஒரு தொண்டர், அடி அண்ணாமலையில் கடை கடையாக உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு டிபன் கடையின் பின்பக்கம், கத்திரிப்பூ நிறப் புடவையில் ஒரு அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இரண்டு முறம் உரித்தாயிற்றாம். கடைக்கு வருகிறவர்கள் அவரைக் கடைக்காரரின் சொந்தக்காரர் என்றே நினைத்திருக்கிறார்கள்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்த அம்மா பைக்கில் வந்து இறங்கினார். இறங்கியதும் புருஷனைப் பார்க்காமல் நேராக என் மேஜைக்கு வந்தார்.

“காணாம போனது நான் இல்லம்மா. இந்த மனுசன்தான். நான் வுட்ட எடத்துலயேதான் இருந்தேன். எழுதிக்க.”

பின்னாலேயே வந்த கணவர் மனைவியின் புடவை முந்தானையில் ஒட்டியிருந்த வெங்காயத் தோலை எடுத்துப் போட்டார். அவ்வளவுதான் செய்தார்.

அந்த அம்மா மேஜை மேல் கிடந்த தாளைப் பார்த்தார். “இம்மாம் எழுத்து யாரப் பத்தி?”

“உங்களப் பத்திதாம்மா. ஐயா சொன்னாரு” என்று மேஜைக்கு மேல் எட்டி, சத்தமாகச் சொன்னேன்.

“படி.”

“அதெல்லாம் இன்னாத்துக்கு இப்ப? தீபத்துக்கு நேரமாவுதில்ல?” என்று கணவர் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் எழுந்து போய் அந்த அம்மாவின் வலது காதருகே குனிந்து, முதல் எழுத்திலிருந்து படித்தேன். அவர் சுவரைப் பார்த்தபடி கேட்டார். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினார். “கத்திரிப்பூவா இது? நல்லா பாரு, ஊதா. இந்த மனுசனுக்கு எந்நாளும் கலர் தெரியாது.” முடித்ததும், “இன்னொரு தபா படி” என்றார். படித்தேன். பிறகு அந்தத் தாளை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு கணவரோடு மலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த வாரம், சென்டரில் வேலை இல்லாத ஒரு மதியம், அதே கட்டத்தைத் திறந்து, வெட்டியதை அதிலேயே திரும்ப ஒட்டி ஒவ்வொன்றாக முயன்று பார்த்தேன். ஆல்ட்டும் என்டரும் சேர்த்துத் தட்டி நடுநடுவே வரியை உடைத்தால், காட்டாமல் வைத்திருந்ததையும் காட்டியது. நான் போட்ட கூச்சலில் அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டு வந்தார். காது, வெங்காயம் உரித்த குணம் எல்லாம் ஒரே கட்டத்தில் இருந்தன. இருவரும் அதை முழுக்கப் படித்தோம்.

“இனிமே எல்லாரையும் இப்டியே பேச வுடாதடீ, பத்து பேருக்கு மேல பதிய முடியாது” என்றார் அக்கா. கொஞ்சம் யோசித்து, “காது கேக்குமான்னு மட்டும் தனியா ஒரு கட்டம் போட்டுடு” என்றார்.